அடுக்கு வீலானைக் கேர்னலின் எந்த இடத்தில் சேர்ப்பது? சில வழிகளின் ஒப்பீடு

தொடர்மாடி ஒன்றின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீலான் (ஒரே கம்பியில் பிரித்துவைக்கும் மெய்நிகர் வலையமைப்பு), அந்தக் கட்டடம் முழுவதற்கும் வெளியே இன்னொரு வீலான் என இரண்டு டேக்குகளை (வீலான் எண்ணைத் தாங்கும் அடையாளக் குறிகளை) அடுக்கி அனுப்புவது ஈதர்நெட் சேவைகளில் நீண்ட காலமாக நிலைத்துவிட்ட முறை. டிஎஸ்எல் ஃபோரம் 2006இல் வெளியிட்ட டீஆர்-101 அறிக்கை அகலப்பட்டைச் சந்தாதாரர்களைப் பிரித்தறிய இம்முறையையும் எடுத்துரைத்தது. கொழும்பில் எங்கள் குழு பராமரிக்கும் ரவுட்டர் மென்பொருளின் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ஃபிரீபிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தின் 12ஆம் பதிப்புக் காலத்து நிரலிலிருந்து பிரிந்து வந்தது. ஒற்றை டேக்கை அது பிசகின்றிக் கையாளும். சேவை வழங்குநருக்குரிய வெளி டேக் வந்தால், தனக்குத் தெரியாத நெறிமுறை என்று பிரேமை (ஈதர்நெட்டில் செல்லும் தரவுத் துண்டை) கைவிட்டுவிடும். வெள்ளவத்தையில் இரட்டைக் கோபுரத் தொடர்மாடி ஒன்றுக்கான வேலை கைக்கு வந்தபின், இந்தக் குறையை எங்கே, எவ்வாறு நிரப்புவது என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அதற்காக ஒப்பிட்டுப் பார்த்த வழிகளையும், ஒன்றை மற்றொன்றுக்கு மேலாக வைத்த காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏற்கெனவே இருக்கும் வீலான் ட்ரைவரை (வீலானைக் கையாளும் கேர்னல் நிரலை) பொதுமைப்படுத்துவதே எங்கள் அளவிலான குழுவுக்கு ஏற்றது. ஆனால் அப்படிச் செய்யும்போது டேக்கின் எண்ணோடு அதன் வகையையும் பொதியின் உடன்விவரத்தில் (பொதியோடு கேர்னல் வைத்திருக்கும் குறிப்பில்) சேர்த்து எடுத்துச்செல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், கோளாறு வந்த அன்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருக்கும்.

நான்கு பைட்டும் அதன் இருப்பிடமும்

1998இல் வெளிவந்த 802.1கியூ நியமம், ஈதர்நெட் தலைப்பில் மூல முகவரிக்குப் பின்னால் 4 பைட் நீளமான டேக் ஒன்றை நுழைக்கிறது. முதல் 2 பைட் பதினறும எண் 8100 என்ற வகைக்குறி. அடுத்த 2 பைட்டில் முன்னுரிமைக்கு 3 பிட், நெரிசலில் கைவிடத்தக்கதா என்பதைச் சொல்ல 1 பிட், வீலான் எண்ணுக்கு 12 பிட். 0, 4095 ஆகிய இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 4094 வீலான்களே மிஞ்சும். ஒரு பெருநகரத்தின் சந்தாதாரர்களுக்கு இது எந்த மூலைக்கு? 2005இல் அங்கீகரிக்கப்பட்டு 2006இல் வெளியான 802.1ஏடி திருத்தம், இதற்கு வெளியே இன்னொரு டேக்கை வைத்து, அதற்குப் பதினறும 88ஏ8 என்ற தனி வகைக்குறியை வகுத்தது. பின்னர் அது 802.1கியூவின் 2011ஆம் ஆண்டுப் பதிப்புக்குள் சேர்ந்தது. வெளியே இருப்பது சேவை டேக், உள்ளே இருப்பது வாடிக்கையாளர் டேக். இரண்டையும் சேர்த்தால் 1 கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் கிடைக்கும். நியமம் வருமுன்னரே சந்தைக்கு வந்த கருவிகள் சில 9100 என்ற வகைக்குறியைப் பயன்படுத்தின. வேறு சில இரண்டு இடத்திலும் 8100ஐயே வைத்தன. பழைய கருவியோடு பேச வேண்டிய ரவுட்டர் இவற்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தாளில் எளிதாகத் தெரியும் இந்த 4 பைட், கேர்னலுக்குள் வந்தபின் பிரேமிலேயே தங்குவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய வலையமைப்பு அட்டைகளில் பெரும்பாலானவை பிரேமைப் பெறும்போதே வெளியிலுள்ள டேக்கைக் கழற்றி, அதன் 16 பிட் பெறுமதியைத் தனியாகக் கொடுக்க வல்லவை. பிஎஸ்டி மரபில் அப்பெறுமதி எம்பஃப் எனப்படும் பொதி அமைப்பின் தலைப்பில் உள்ள ஒரு 16 பிட் புலத்தில் போய் அமரும். டேக் உண்டு என்பதைக் காட்ட ஒரு கொடி உயரும். லினக்ஸில் பொதியைத் தாங்கும் எஸ்கேபி அமைப்பிலும் இதை ஒத்த ஏற்பாடு உண்டு. அட்டை கழற்றாவிட்டால் கேர்னலே கழற்றி அதே புலத்தில் வைக்கும் என்பதால், மேலடுக்குகள் அட்டையின் திறமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு டேக் மட்டும் இருந்த காலத்துக்கு இது மிக நேர்த்தியான ஏற்பாடு. இரண்டாவது வந்ததும், புலத்தில் இருப்பது வெளி டேக்கா உள் டேக்கா, அதன் வகைக்குறி 8100ஆ 88ஏ8ஆ, அனுப்பும்போது எதை வன்பொருளிடம் ஒப்படைப்பது என்று கேள்விகள் வரிசையாக எழுகின்றன.

அந்தத் தொடர்மாடியின் ஏழாம் மாடி வீடொன்றிலிருந்து புறப்படும் ஒரு பிரேமைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். கட்டடத்தின் சுவிட்ச் அதற்கு 307 என்ற உள் டேக்கை இடுகிறது. வழங்குநரின் கருவி 120 என்ற வெளி டேக்கை 88ஏ8 வகைக்குறியோடு இடுகிறது. எங்கள் ரவுட்டரை அடையும்போது முகவரிகள் 12 பைட், பின்னர் 88ஏ8, 120, அதன் பின் 8100, 307, கடைசியாகவே ஐபிவி4ஐக் குறிக்கும் 0800. அட்டை 8100ஐ மட்டும் அறிந்ததாயின், வெளியில் 88ஏ8ஐக் கண்டு எதையும் கழற்றாமல் பிரேமை முழுமையாக மேலே அனுப்பும். 88ஏ8ஐயும் அறிந்த அட்டையோ 120ஐக் கழற்றித் தனியே தந்துவிடும். பிரேமில் எஞ்சுவது 8100, 307. இந்த இரண்டாவது நிலையில், தனியே வந்த 120 எந்த வகையைச் சேர்ந்தது என்று எழுதிவைக்கப் பழைய எம்பஃபில் இடமே இல்லை. அதே கம்பியில் கட்டட முகாமைத்துவத்தின் கண்காணிப்புக் கமராக்களுக்கு 8100 வகையில் 120 என்ற எண் தற்செயலாக ஒதுக்கப்பட்டிருந்தால், இரண்டும் ஒரே இடைமுகத்தில் போய் விழும். பிரித்து வைப்பதற்கென்றே பிறந்த வசதி, பிரிக்க வேண்டிய இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஒவ்வொரு வழியையும் நான் மதிப்பிட்டது முதலில் இந்த ஒரு நிலையை வைத்துத்தான்.

இருக்கும் ட்ரைவரைப் பொதுமைப்படுத்தல்

முதல் வழி, வீலான் ட்ரைவரில் வகைக்குறியை ஓர் அளபுருவாக்கி (அதாவது மாற்றக்கூடிய பெறுமதியாக்கி), ஒரு வீலான் இடைமுகத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுவது. லினக்ஸ் 2013இல் வெளியான 3.10 பதிப்பில் இவ்வழியே சென்றது. அதற்கு முன்பும் வீலானின் மேல் வீலானை ஏற்ற முடிந்தது. ஆனால் இரண்டுக்கும் வகைக்குறி 8100தான். 3.10இல் எஸ்கேபியின் உடன்விவரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் வகைக்குறிக்கும் ஒரு புலம் சேர்ந்தது. தாய் இடைமுகத்தின் கீழ் உள்ள வீலான்களைத் தேடும் அட்டவணை இரண்டு வகைக்கும் தனித்தனியாகப் பிரிந்தது. அட்டையின் திறமைகளை அறிவிக்கும் கொடிகளும் வாடிக்கையாளர் டேக்குக்கு ஒரு தொகுதி, சேவை டேக்குக்கு ஒரு தொகுதி என இரட்டித்தன. எண்ணும் வகையும் சேர்ந்ததே ஒரு வீலானின் அடையாளம் என்று அம்மாற்றம் தீர்மானித்துவிட்டதால், மேலே சொன்ன 120இன் குழப்பத்துக்கு அங்கே இடமில்லை.

ஃபிரீபிஎஸ்டி 2021 ஏப்ரலில் வந்த 13.0இல் இதே வசதியைச் சேர்த்தது. இடைமுகத்தை உருவாக்கும்போது நெறிமுறை 802.1ஏடி என்று குறிப்பிட்டால் போதும். ஆயினும் எம்பஃபில் வகைக்குறிக்கு அது இடம் சேர்க்கவில்லை. அனுப்பும் வேளையில் வகை 8100ஆக இருந்தால் மட்டுமே டேக்கை வன்பொருளிடம் ஒப்படைக்கிறது. 88ஏ8 ஆனால் கேர்னலே பிரேமைத் திறந்து 4 பைட்டையும் எழுதிவிடுகிறது. மாற்றம் சிறியது. அட்டை ட்ரைவர் எதையும் தொட வேண்டியதில்லை. பொதி அமைப்பின் வடிவம் மாறாததால் முன்னரே தொகுத்து வைத்த மொடியூல்களும் உடைவதில்லை. இத்தனை வகை வன்பொருளைத் தாங்கிப்பிடிக்கும் ஒரு பொது இயங்குதளத்துக்கு அந்த நிதானம் பொருத்தமானது என்றே கருதுகிறேன்.

எங்கள் நிலைமை வேறு. நாங்கள் ஆதரிக்கும் அட்டை வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ட்ரைவர்கள் அனைத்தும் கேர்னலோடு சேர்த்தே தொகுக்கப்படுகின்றன. வெளியார் எழுதிய மொடியூல் எதையும் நாங்கள் ஏற்றுவதில்லை. ஆகவே பொதி அமைப்பை மாற்றுவதற்குப் பெரிய இயங்குதளங்கள் அஞ்சும் காரணம் எங்களைப் பெரிதாகக் கட்டுப்படுத்தவில்லை. எம்பஃப் ஒன்றின் மொத்த அளவு 256 பைட் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், தலைப்பில் கூட்டும் ஒவ்வொரு பைட்டும் உள்ளடக்கத்துக்கான இடத்திலிருந்தே போகும். எனவே 2 பைட் புலத்தைக் கண்ட இடத்தில் செருகி அமைவைக் குலைக்காமல், ஏற்கெனவே உள்ள இடைவெளி ஒன்றில் பொருத்த வேண்டும். செலவு அவ்வளவுதான்.

தனி வகை இடைமுகம்

ஓப்பன்பிஎஸ்டி பாவனையாளரின் கண்ணுக்கு வேறு விதமாகத் தெரிகிறது. வீலான் என்ற இடைமுக வகைக்குப் பக்கத்தில் எஸ்வீலான் என்ற தனி வகை அங்கே உண்டு. உள்ளே இரண்டும் ஒரே மூல நிரலைப் பகிர்கின்றன. பெயரைப் பார்த்தவுடனேயே இது வழங்குநரின் டேக் என்று தெரிந்துவிடுவது, நள்ளிரவில் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்குச் சின்ன உதவி அல்ல. ஆனால் 9100 போன்ற மூன்றாவது வகைக்குறி தேவைப்பட்டால் அதற்கும் ஒரு பெயர் சூட்ட வேண்டிவரும். வகைக்குறியை அளபுருவாக வைத்துக்கொண்டு, எஸ்வீலான் என்ற பெயரை அதற்கு மேல் ஒரு வசதிக்காக மட்டும் தருவதே நல்லது.

இரண்டு எண்ணையும் ஒரே திறவுகோலாக்குதல்

மூன்றாவது வழிக்கு ஈர்ப்பு அதிகம். குழுவுக்குள் நீண்ட வாதம் நடந்ததும் இதைப் பற்றித்தான். வெளி எண்ணையும் உள் எண்ணையும் சேர்த்து 24 பிட் திறவுகோலாக்கி, ஒரே தேடலில் சந்தாதாரரின் இடைமுகத்தை அடைந்துவிடுவது இதன் சாரம். அடுக்கும் முறையில் ஒவ்வொரு பொதியும் இருமுறை இடைமுகம் மாறுகிறது. முதலில் 120இன் இடைமுகத்தில் எண்ணிக்கைகள் கூட்டப்பட்டு, யாரேனும் பொதியைப் பிடித்துப் பார்க்கிறார்களா என்று சோதிக்கப்பட்டு, மீண்டும் ஈதர்நெட் உள்ளீட்டு வழியில் நுழைந்து, பின்னர்தான் 307இன் இடைமுகத்துக்கு வருகிறது. சிறிய பொதிகள் மழையாகப் பொழியும் இணைப்பில் இந்தச் சுற்று கையைக் கடிக்கும்.

நினைவகக் கணக்கு தடையாக இல்லை. 4096ஐ 4096ஆல் பெருக்கி நேரடி அட்டவணை வைத்தால், 8 பைட் சுட்டிகளுக்கே 128 மெகாபைட் வேண்டும், அது வீண். இரு படி அட்டவணையானால் வெளி எண்களுக்கு 32 கிலோபைட், பாவனையில் உள்ள ஒவ்வொரு வெளி எண்ணுக்கும் மேலும் ஒரு 32 கிலோபைட். எங்கள் கருவி அதைத் தாராளமாகத் தாங்கும்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. நடுவில் இருந்த 120இன் இடைமுகம் காணாமற்போவதால், ஒரு கோபுரத்தின் மொத்த வரத்தை எண்ணவோ, அதற்கு வேக எல்லை இடவோ, தீச்சுவர் விதி எழுதவோ இயல்பான இடம் இல்லாமற்போகிறது. வெளி டேக் மட்டும் இட்டு வரும் பொதிகளுக்கு, உதாரணமாக வழங்குநரின் மேலாண்மைப் பொதிகளுக்கு, வேறொரு பாதை எழுத வேண்டும். ஒற்றை டேக்குக்கான பழைய ட்ரைவரும் அப்படியே தொடர வேண்டும். டேக்கைப் படிக்கும் நிரல் இரண்டு இடத்தில் இருந்தால், ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் தங்கிவிடும். பல்லாயிரம் பிபிபிஓஈ (சந்தாதாரரை ஈதர்நெட் வழியே இணைக்கும் நெறிமுறை) அமர்வுகளை ஏற்கும் அகலப்பட்டைச் சேவையகம் செய்பவர்களுக்கு இவ்வழியே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டு கோபுரத்துக்கான ரவுட்டருக்கு அது மிகை.

ஏனையவை

நெட்கிராஃப் வழி, அதாவது கேர்னலுக்குள் நோட்டுகள் எனப்படும் சிறு தொகுதிகளை இணைத்துப் பொதியின் பாதையைக் கட்டும் வழி, மிக மலிவானது. ஃபிரீபிஎஸ்டியின் நெட்கிராஃப் கட்டமைப்பில் வீலான் நோட் ஒன்று ஏற்கெனவே உண்டு. நோட்டுகளைக் கொக்கிகளால் இணைத்து, கேர்னலின் மையப் பகுதியைத் தொடாமலே டேக்குகளை அடுக்கலாம். மாதிரி ஒன்றைக் கட்டி வாடிக்கையாளருக்குக் காட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் அது பயன்படுத்துவதும் அதே எம்பஃப் என்பதால் வகைக்குறிச் சிக்கல் அப்படியே இருக்கும்; நோட்டுகளின் வரைபடத்தைத் தலையில் வைத்திருப்பவர் வேலையை விட்டுப் போனால் அமைப்பைப் புரிந்துகொள்ள ஆள் இருக்காது.

பொதிகளைக் கேர்னலைத் தாண்டிப் பாவனையாளர் வெளிக்கு (சாதாரண நிரல்கள் ஓடும் பகுதிக்கு) எடுத்துச்செல்லும் நெட்மேப், டிபிடிகே வகை வழிகளில் வேகம் நிச்சயம் உண்டு. கூடவே வழித்தேர்வு அட்டவணையையும் தீச்சுவரையும் நாமே மீண்டும் எழுதும் பொறுப்பும் வரும். அதை அதற்கு மேல் ஆராயவில்லை.

பிரிட்ஜ் (சுவிட்சைப் போலப் பிரேம்களைப் போர்ட்டுகளுக்கிடையே கடத்தும் பகுதி) மட்டத்தில் சேர்ப்பதைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். லினக்ஸின் பிரிட்ஜ் 2013இல் 3.9 பதிப்பில் வீலான் வடிகட்டலைப் பெற்றது, 2014இல் 3.16 பதிப்பில் அதன் வகைக்குறியை 802.1ஏடிக்கு மாற்றும் வசதி வந்தது. போர்ட்டில் நுழையும் பிரேமுக்கு வெளி டேக்கை இட்டு, வெளியேறும்போது கழற்றினால் போதும் என்ற நிலையில் இது மிகச் சுத்தமான வழி. ஆனால் டேக்கை இடுவதோடு வேலை முடிவதில்லை. சுழல் உண்டாகாமல் தடுக்கச் சுவிட்சுகள் பரிமாறும் ஸ்பானிங் ட்ரீ செய்திகள் வாடிக்கையாளரின் வலையமைப்பில் 01-80-சி2-00-00-00 என்ற முகவரிக்குப் போகின்றன. வழங்குநரின் பிரிட்ஜ் தன் சொந்தச் செய்திகளுக்கு 08 என்று முடியும் முகவரியைப் பயன்படுத்தி, வாடிக்கையாளரின் செய்திகளைச் சாதாரணத் தரவைப் போலக் கடத்திவிட வேண்டும். இதைக் கவனியாமல் விட்டால் வாடிக்கையாளரின் சுவிட்சும் வழங்குநரின் கருவியும் ஒரே மரத்தைக் கட்ட முயலும். ஒரு கட்டடத்தில் எவரோ கேபிளை மாற்றிச் செருகினால் வேறொரு கட்டடத்தின் இணைப்பு தடைப்படக்கூடும். எங்கள் கருவி ரவுட்டர் என்பதால் டேக் அதனிடமே முடிவடைகிறது. பிரிட்ஜ் வழி இப்போதைக்கு வேண்டாம்.

தெரிவு எதுவாயினும் கொடுக்க வேண்டிய விலை

இரண்டு டேக் உள்ள பொதிக்கு வன்பொருளின் உதவி குறையும். லினக்ஸ், ட்ரைவர் வேறுவிதமாக அறிவிக்காவிட்டால், இரட்டை டேக் பொதிக்கு டீஎஸ்ஓவை (அந்த நறுக்கலை அட்டையே செய்யும் வசதியை) நிறுத்திவிட்டுப் பெரிய டிசிபி துண்டுகளை மென்பொருளில் நறுக்குகிறது. பொதிகளைத் தானே உருவாக்கும் சேவையகத்துக்கு இது இழப்பு. பிறருடைய பொதியைக் கடத்துவதே தொழிலான ரவுட்டருக்குப் பொருட்டல்ல. பொருட்டாக இருப்பது வேறு: வரும் பொதிகளை ஐபி முகவரிகளைப் பார்த்துப் பல வரிசைகளில் பகிர வேண்டிய அட்டை, இரண்டாவது டேக்கைத் தாண்டிப் படிக்கத் தெரியாததாயின், எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டுவிடும். எட்டுக் கோர்கள் இருந்தும் ஒன்று மட்டும் மூச்சுத்திணற, மற்றவை சும்மா இருக்கும். வாங்கப்போகும் அட்டையை இரட்டை டேக் பொதிகளால் சோதிக்காமல் மொத்தமாகக் கட்டளையிடுவது கூடாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வெவ்வேறு சிப்புடைய அட்டைகளில் ஒவ்வொன்றை வாங்கி மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு அற்பம்.

அடுத்தது நீளம். டேக் இல்லாத பிரேமின் உச்ச நீளம் 1518 பைட். ஒரு டேக்குடன் 1522, இரண்டுடன் 1526. 2006ஆம் ஆண்டின் 802.3ஏஎஸ் திருத்தம் உறையோடு சேர்ந்த நீளத்தை 2000 பைட் வரை உயர்த்திவிட்டாலும், எல்லாக் கருவிகளும் அதைப் பின்பற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. பிஎஸ்டி மரபின் வீலான் ட்ரைவர், தாய் இடைமுகம் கூடுதல் 4 பைட்டைத் தாங்கும் என்று அறிவிக்காதபோது எம்டியூவை (ஒரு பிரேம் சுமக்கும் உச்சத் தரவளவை) 1496ஆகக் குறைத்துக்கொள்கிறது. வீலானின் மேல் வீலான் ஏறும்போது, கீழே இருக்கும் வீலான் அந்த அறிவிப்பைச் செய்யாவிட்டால் இதுவே நேரும். அதன் மேல் பிபிபிஓஈ 8 பைட்டை எடுத்தால் 1488 மிஞ்சும். மறுமுனை 1492 என்று நம்பிக்கொண்டிருக்கும். சிறிய பிங் போகும், சில இணையப் பக்கங்கள் மட்டும் பாதியில் நின்றுவிடும். உதவி மேசைக்கு வரும் அழைப்பில் பாவனையாளர் சொல்வது "இன்டர்நெட் ஸ்லோ" என்பது மட்டுமே. கூடுதல் நீளத்தைத் தாங்கும் அறிவிப்பை அடுக்கின் ஒவ்வொரு படிக்கும் கடத்துவது இந்த வேலையின் ஒரு பகுதி.

மேம்படுத்துவதா, பின்கொண்டு வருவதா

13.0இலேயே வசதி இருக்கும்போது ஏன் பழைய நிரலில் கைவைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஃபிரீபிஎஸ்டி 12 கிளைக்கான ஆதரவு 2023 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டதால், புதிய கிளைக்கு மாறாமல் இருக்கவும் முடியாது. ஆனால் எங்கள் சொந்த மாற்றங்கள் ஈதர்நெட் உள்ளீட்டு வழியிலேயே அதிகம் படிந்திருக்கின்றன. மாறும் வேலையையும் புதிய வசதியையும் ஒரே வெளியீட்டில் கட்டினால், கோளாறு எதிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே 13இன் வீலான் ட்ரைவரை முன்மாதிரியாக வைத்து, அளபுருப் பெயர்களையும் கட்டளை வடிவத்தையும் மாற்றாமல் பழைய நிரலுக்குள் கொண்டுவருவதே எங்கள் தெரிவு. வாடிக்கையாளரின் அமைப்புக் கோப்புகள் நாளைக்குப் புதிய கிளையிலும் அப்படியே வேலை செய்ய வேண்டும். எம்பஃப் புலம் மட்டுமே எங்கள் சொந்தச் சேர்க்கை. கிளை மாறும்போது சுமந்து செல்ல வேண்டிய பாரமும் அது ஒன்றுதான்.

வேலையின் வரிசையிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு: முதலில் எம்பஃப் புலம், உடனே பொதிப் பிடிப்பு, அதன் பின்பே ட்ரைவர். வன்பொருள் கழற்றிய டேக்கை டிசிபிடம்ப் போன்ற பொதிப் பிடிப்புக் கருவிக்குக் காட்டுவதற்காக ஃபிரீபிஎஸ்டி அதைப் பிரேமில் மீண்டும் செருகிக் கொடுக்கிறது; அப்படிச் செருகும்போது வகைக்குறியாக எப்போதும் 8100ஐயே எழுதுகிறது. கம்பியில் 88ஏ8 வந்திருந்தாலும் திரையில் 8100 என்றே தெரியும். வழங்குநரின் பொறியாளர் தன் பக்கத்தில் எல்லாம் சரி என்கிறார், நம் திரை வேறு சொல்கிறது, இரு தரப்பும் உண்மையையே சொல்லிக்கொண்டு மணிக்கணக்கில் வாதிடுவார்கள். லினக்ஸும் 2014இல் வந்த 3.14 பதிப்பிலேயே வகைக்குறியைப் பிடிப்புக் கருவிக்குத் தெரிவிக்கத் தொடங்கியது.

ட்ரைவர் எழுதும்போது எல்லையும் இட்டாக வேண்டும். டேக்குக்குள் டேக் என்று முடிவில்லாமல் அடுக்கிய பிரேமை எவரும் தயாரிக்கலாம். லினக்ஸ் 2020இல் இந்தப் பகுப்பாய்வின் ஆழத்தை 8 என்று மட்டுப்படுத்தியது. எங்களுக்கு 2 போதும். மூன்றாவது டேக் வந்தால் கைவிட்டு, அதற்கென ஓர் எண்ணிக்கையைக் கூட்டுவோம். 8100இன் மேல் 8100 வருவதை, அந்த இணைப்புக்கு வெளிப்படையாக அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும். சுவிட்சின் டேக் இல்லாத வீலானைப் பயன்படுத்தி இரட்டை டேக் மூலம் பிறருடைய வீலானுக்குள் தாவும் பழைய உத்திக்கு அதுவே வாசல். 9100ஐப் பெறும் பக்கத்தில் மட்டும் ஏற்போம். அனுப்பும் பக்கத்தில் அதைக் கேட்கும் வாடிக்கையாளர் வரும்வரை எழுதப்போவதில்லை.